வெயில்குடை

வெயில்குடைப் பவளம் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்துபோய், தொட்டியில் நுரை ஊதுகிற ஸ்கிம்மரின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிறகு வந்து இதைப் படியுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம்" என்று தோன்றினால், அப்படித் தோன்றுவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பவளம் வளர்க்கிற நம் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. பெயர் பாண்டுரங்கன். வயது ஐம்பத்தொன்று. பெரம்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் உரசி ஃபிரேமில் பொருத்துகிற வேலை. வீட்டில் நாலடி உப்புநீர்த் தொட்டி. மூன்றாவது மாடி. கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2037 கோடையில் கடலிலிருந்த பவளம் பெரும்பாலும் வெளுத்துச் செத்தது. அதற்கு முன்பே வீட்டில் பவளம் வளர்ப்பது பணக்கார வேலைதான். தண்ணீர் இருபத்தாறு டிகிரியைத் தாண்டக்கூடாது, குளிர்விக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பிறகு ஏதோ ஓர் ஆய்வகத்தில், சூடு தாங்கும் பாசியை, தோல்போல மெத்தென்று இருக்கும் பழைய தோல் பவளத்துக்குள் ஏற்றி ஒரு புது வகையைக் கொண்டுவந்தார்கள். முப்பத்துமூன்று டிகிரியிலும் குடை விரித்தாற்போல நிற்கும். அதனால் நாம் வெயில்குடை என்றோம். அதுவரை மீன் மட்டும் வைத்திருந்த என்னைப் போன்றவன் தொட்டியிலும் பவளம் வந்தது அதனால்தான்.

இதை வெட்டிப் பெருக்குவது சுலபம். ஒட்டவைப்பதுதான் கஷ்டம். குடையின் ஓரத்தைப் பிளேடால் அறுத்தால் உடனே கொழகொழவென்று ஒரு வழுவழுப்பைக் கக்கும். சூப்பர் குளூ போட்டால் ஈர சோப்பின் மேல் ஸ்டாம்ப் ஒட்டின கதை. ரப்பர் பேண்டு போட்டால் இரண்டே நாளில் சதையை அறுத்துக்கொண்டு போய்விடும். நான் அரை ஃபிரேம் கண்ணாடிகளுக்குப் போடுகிற நைலான் நூலை எடுத்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடியில் லென்ஸின் கீழ்ப்பாதியை அந்த நூல்தான் தாங்குகிறது. தளர்ந்தால் லென்ஸ் விழும், இறுகினால் விளிம்பு உடையும். அந்தக் கைப்பழக்கத்தில் துண்டைக் கல்லோடு சேர்த்து ஒரு சுற்று, இரட்டை முடிச்சு, நுனியை நெருப்பில் காட்டி ஒரு சின்ன உருண்டை. பத்துப் பதினைந்து நாளில் அதுவே கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. துண்டு ஒட்டுகிறவரை தொட்டியில் கரி போடமாட்டேன். தண்ணீரைச் சுத்தம் செய்யக் கரிப்பை போடுவோமே, அது. கரி போட்டால் துண்டு முகம் சுளிக்கிறது என்று நானாக ஒன்றை நம்பிக்கொண்டு, துண்டு வாங்கிய எல்லோரிடமும் "கரி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். மாதா மாதம் புதுத் துண்டு வெட்டுகிறவன் நான். அதனால் என் தொட்டியில் கரி போடவே இல்லை.

வெட்டினதில் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். நம் தொட்டி ஒருநாள் செத்தாலும், அவர் வீட்டில் அது உயிரோடு இருக்கும். போய் ஒரு துண்டு வாங்கி வந்துவிடலாம். யாருக்குக் கொடுத்தேன், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நாற்பத்து மூன்று பேர்.

அதில் ஒருவர் சுகிர்தா மேடம். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முதன்முதலில் அவர் எங்கள் கதவைத் தட்டியதை மறக்க முடியாது. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், வீட்டுல கடல் வெச்சிருக்கீங்களா?"

"கடல் இல்லம்மா. தொட்டி."

"தொட்டி உங்க வீட்டுல, அலை எங்க பாத்ரூம்லயா? சீலிங்லேர்ந்து சொட்டுது. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்பு. யாரோ மேல உக்காந்து அழுவுறாங்கன்னு நெனச்சேன்."

என் மனைவி தேன்மொழி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். "நல்லா கேளுங்க மேடம். தண்ணி மாத்துறேன்னு பக்கெட்ட கவுத்துடுறாரு."

"கவுத்தா தொடைங்க சார். தொடைக்கிறதுக்கும் நான்தான் விசில் ஊதணுமா?"

அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவையாவது திட்டு விழும். படிக்கட்டில் நிறுத்தி, பையன்களை வரிசையில் நிற்கவைத்துத் திட்டுவது போலத் திட்டுவார். கோபம் வரவில்லை எனக்கு. இந்தக் கட்டடத்தில் என்னை நேராகப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

அவர் வீட்டுக்காரர் ஜெபராஜ், காசிமேடு பக்கம் ஒரு மீன் குளிர்கிடங்கில் மெஷின் ஆபரேட்டர். நாலு வருடத்துக்கு முன்னால் அங்கே அமோனியா கசிந்தது. அந்த நேரம் அவர் மேடத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மேடம் தலை வாரிக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில். பின்னால் மானேஜர் பரந்தாமனின் குரல் கேட்டிருக்கிறது: "மாஸ்க் தேடிக்கினு நிக்காத. உள்ள போய் வால்வ மூடு." அவ்வளவுதான். போன் கட்டானது. ஜெபராஜ் திரும்பி வரவில்லை.

நிர்வாகம், யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போனார் என்றது. வேலையிடத்துச் சாவெல்லாம் இப்போது முதலில் சமரச மன்றத்துக்குத்தானே போகிறது. அங்கே கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது, கோர்ட்டுக்குப் போகாது. ஏழு அமர்வு. ஏழு தடவையும் மேடம், "சொன்னாங்க, என் காதால கேட்டேன்" என்றார். வேறு சாட்சி கிடையாது.

அவர் தூங்குவதில்லை என்று தேன்மொழி சொன்னாள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. என்னால் முடிந்தது இதுதான் என்று ஜனவரியில் இரண்டடித் தொட்டி ஒன்றை அமைத்துக்கொடுத்து, ஒரு துண்டைக் கட்டி உள்ளே வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். மறுபடி சொல்லமாட்டேன், ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

பத்தே நாளில் துண்டு ஒட்டிக்கொண்டது. மேடம் தூங்க ஆரம்பித்தார். படிக்கட்டில் பார்த்தால் புன்னகை. பக்கெட் கவிழ்ந்து அவர் பாத்ரூமில் சொட்டினபோதும், "பரவால்ல சார், நான் தொடச்சுக்கிறேன்." எனக்கு லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஏமாற்றமும் நிற்கவில்லை, போய்விட்டது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் ஒரு தாளோடு மேலே வந்தார்.

"சார், இதுல ஒரு எடத்துல கையெழுத்து வேணுமாம். படிச்சுப் பாருங்க."

'என் கணவர் யாருடைய உத்தரவும் இன்றித் தாமாகவே உள்ளே சென்றார் என்பதை இதன் மூலம் ஏற்றுக்கொள்கிறேன்' என்று இருந்தது.

"ஜூன் பதினெட்டு கடைசி அமர்வாம். ஆபீசர் முன்னாடி போடணும். போட்டுடலாம்னு இருக்கேன்."

"நீங்க அந்தக் குரலக் கேட்டீங்கல்ல மேடம்?"

"கேட்டேன். இப்பவும் ஞாபகம் இருக்கு, வார்த்தை மாறாம. ஆனா யாரோ யாரையோ சொன்ன மாதிரி இருக்கு சார். போவட்டும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க இஷ்டம் மேடம்" என்றேன். சொல்லிவிட்டு மீனுக்குத் தீனி போடப் போனேன்.

அந்த வாரம் என் தொட்டித் தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தது. அந்த மாதம் வெட்ட எதுவும் இல்லை, ஒட்டவேண்டிய துண்டும் இல்லை. அதனால் பல மாதத்துக்குப் பிறகு ஒரு கரிப்பையை வடிகட்டியில் போட்டேன். வேறு எதுவும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள் தேன்மொழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுக்கின் அடியிலிருந்து அவள் அம்மாவின் தலைதுவட்டும் துண்டு ஒன்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எங்கம்மா செத்துட்டாங்கங்க."

இப்போதுதான் போன் வந்ததுபோலச் சொன்னாள். மாமியார் இறந்தது பிப்ரவரியில். அரக்கோணத்தில். அங்கே இவள் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டு, மாலைகளை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். "எவ்ளோ தெளிவா இருக்கா பாரு" என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். இப்போது மூன்று மாதம் கழித்து, துணிக்கு நடுவில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுகை நின்றதும், கூடத்தில் நான் விட்டுவைத்திருந்த பக்கெட்டைக் காலால் உதைத்து, "இதுல வேற நடு வீட்டுல பக்கெட்டு!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். ஒன்றரை வருடத்தில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை. கல்யாண வாழ்க்கை கனிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றரை வருடம்.

சண்டைக்கு நடுவில்தான் எனக்குப் பொறி தட்டியது. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. கரி.

நம் குழுவில் ஜமீலாவை எல்லோருக்கும் தெரியும். சமையல் எண்ணெய் பரிசோதிக்கிற லேபில் வேலை. நான் முதல் துண்டு கொடுத்ததே அவளுக்குத்தான். போன் போட்டேன்.

"அண்ணே, கரிய எடுத்துட்டு ரெண்டு நாள் ஓட்டுங்க. அப்புறம் ஸ்கிம்மர் கப்பு மேல பாலிதீன் கவர் கட்டி, வர்ற காத்தப் புடிச்சுட்டு வாங்க. தண்ணியும் ஒரு பாட்டில்."

தெரியாதவர்களுக்கு: ஸ்கிம்மர் என்பது தண்ணீருக்குள் காற்றை ஊதி நுரைக்கவைக்கிற மெஷின். அழுக்கு நுரையோடு ஏறி மேலே ஒரு கப்பில் விழும். காற்று வீட்டுக்குள் போகும்.

நாலு நாள் கழித்து அவள் லேபின் வாசலில், டீக்கடையில் நின்று பேசினோம்.

"தோல் பவளம் பக்கத்துல எதையும் அண்ட விடாம ஒரு வஸ்து விடும், தெரியும்ல? அதான் இது. ஆனா புதுப் பாசிய ஏத்துனாங்க பாருங்க, சூட்டுல அந்த வஸ்து மாறிப்போச்சு. லேசாயிடுச்சு. தண்ணில நிக்காம காத்துல ஏறுது. ஸ்கிம்மர் நாள் பூரா ஊதிக்கிட்டே இருக்கு. ஊதுபத்தி ஏத்தி வெச்ச மாதிரிதான் அண்ணே. கரி போட்டா உறிஞ்சிடும்."

"விஷமாம்மா?"

"விஷம்னா பரவால்லயே. நாலு பேரு மயங்கி விழுந்தா ஊரே ஓடி வரும். இது ஒண்ணும் பண்ணல. கோவம் வரும், துக்கம் வரும், பயம் வரும். வந்து ஒட்டாது. நீங்க வெட்டுன துண்டு குளூல வழுக்குமே, அந்த மாதிரி வழுக்கிட்டுப் போயிடும்."

"எவ்ளோ நேரம்?"

"சும்மா வந்து மோந்துட்டுப் போனா அரை மணி. அதுலயே குடியிருந்தா, வுட்டு ரெண்டு மூணு நாள் ஆவும்." டீயை ஊதினாள். "போன மாசம் எனக்கு வரவேண்டிய புரமோஷன ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். மாஷா அல்லான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன் அண்ணே. நானு! எங்கம்மாவே பயந்துட்டாங்க."

சிரித்தோம். பிறகு அவள், "எத்தன பேருக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

"நாப்பத்தி மூணு."

"அவங்க எத்தன பேருக்கு?"

அதற்கு என்னிடம் நோட்டு இல்லை.

அன்றைக்கே என் தொட்டியில் கரியைத் திரும்பப் போட்டுவிட்டு இந்தக் குழுவில் எழுதினேன். பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கிம்மரை நிறுத்துங்கள், கரி போடுங்கள், ஜாக்கிரதை என்று பத்து வரி. அறுபது பேர் கட்டைவிரல் போட்டீர்கள். "நல்ல தகவல் சார்." "பார்க்கலாம் சார்." "எங்க வீட்ல எல்லாரும் ஹேப்பி சார்." ஒருவர்கூட நிறுத்தவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. ஸ்கிம்மர் பக்கத்தில் உட்கார்ந்துதானே படித்தீர்கள்.

சுகிர்தா மேடத்திடம் நேரில் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி சார். எடுத்துட்டுப் போங்க."

ஒரு கேள்வி கிடையாது. கல்லோடு துண்டை எடுத்து வாளியில் போட்டேன். ஒரு கரிப்பையை வடிகட்டியில் வைத்தேன். "காபி குடிக்கிறீங்களா சார்?" என்றார். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் எங்கள் கதவு இடிபட்டது.

"வெளிய வாய்யா!"

வந்தேன். தலை கலைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே பழைய கருப்பு.

"யாரக் கேட்டுக் குடுத்த? யாரக் கேட்டு எடுத்த? அஞ்சு மாசம் தூங்குனேன்யா. அவரு நெனப்பு வந்தா ஏதோ போட்டோ பாக்குற மாதிரி பாத்துட்டு திரும்பிப் படுத்தேன். நேத்து ராத்திரி மறுபடியும் அந்தக் குரலு. இங்க, காதுக்குள்ள." காதில் அடித்துக்கொண்டார். "மறந்துபோச்சுன்னா தேவல. தெரிஞ்சே போவட்டும்னு சொன்னேனே! அவர அந்தக் கெடங்குக்குள்ள ரெண்டாவது வாட்டி நான் அனுப்பப் பாத்தேன்யா!"

"தப்பு எம்மேலதான் மேடம்."

"ஒம்மேலதான். இல்லாம?" மூச்சு வாங்கினார். தேன்மொழி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். பிறகு குரல் இறங்கியது. "பதினெட்டாம் தேதி நீங்களும் வரீங்க. கடைக்கு லீவு சொல்லுங்க."

சொன்னேன்.

சமரச மன்றம் நாலாவது மாடியில். வெளியே நூற்றிப்பத்து டிகிரி வெயில். உள்ளே காத்திருக்கும் கூடம் குளுகுளுவென்று இருந்தது. ஜன்னல் எல்லாம் மூடி ஏசி. நாற்காலிகளில் இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கை இல்லாத ஒருவர். மடியில் ஒரு சின்னப் பையனின் போட்டோவை வைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி. சுவரில், இந்த வருடம் சுமுகமாக முடிந்த வழக்குகளின் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு தொட்டி.

மேடம் வாசலில் நுழையும்போது முஷ்டியை மடக்கிக்கொண்டுதான் நுழைந்தார். எதிரே மானேஜர் பரந்தாமன் உட்கார்ந்திருந்தார். நரைத்த, மெலிந்த மனிதர். நாங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

நான் தொட்டியைப் பார்த்தேன். பவளம் வளர்ப்பவன் வேறு எதைப் பார்ப்பான். நடுவில் அகலமான வெயில்குடை. நல்ல வளர்ச்சி, தோசைக்கல் அளவு. அதன் தண்டுக்குக் கீழே கல்லில் ஒரு நைலான் நூல். இரட்டை முடிச்சு. நுனியில் உருக்கின சின்ன உருண்டை.

என் முடிச்சு.

போன வருடம் லோகு மூன்று துண்டு வாங்கிப்போனான். ஆபீஸ் தொட்டிகளைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரன். "பெரிய எடத்துல வெக்கப்போறேன் சார்" என்றான். நோட்டில் லோகு என்றுதான் இருக்கிறது. எந்த இடம் என்று நான் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில் நான் துள்ளி எழுந்தேன் என்று எழுத ஆசை. எழவில்லை. 'ஓ, இங்கேயும் இருக்கிறதா' என்று நினைத்தேன். நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்தது. யாரிடம் சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. செய்வதற்கான காரணம் மட்டும் கையில் பிடிபடவில்லை. இருபது நிமிடம் போனது.

பரந்தாமன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. மேடமும் சிரித்தார். பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடியில் விரித்தார்.

"பேனா இருக்கா சார்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுத் திரும்பினபோது தொட்டிக்குப் பின்னால் ஸ்கிம்மரின் கப் கண்ணில் பட்டது. கழுத்துவரை நிரம்பிக் கருப்பாக நின்றது. இன்னும் கொஞ்சம் போனால் வழிந்து அத்தனை அழுக்கும் திரும்பத் தொட்டிக்குள் விழும். லோகு ஒரு மாதமாக எட்டிப்பார்க்கவில்லை போலிருக்கிறது. நம்மில் எவனாலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. கோபமோ பயமோ தேவையில்லை. பதினேழு வருடமாக இந்தக் கை தினமும் காலையில் செய்கிற வேலை. எழுந்தேன். கப்பைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினேன். அழுக்குக் கப்பைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்து பாத்ரூமுக்குப் போனேன்.

கழுவினேன். அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியும். உடைந்த ஜன்னல் வழியாக அனல் காற்று முகத்தில் அடித்தது. பொறுமையாக விரல் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பத்து நிமிடம், கால் மணி நேரம் இருக்கலாம். அங்கே உட்கார்ந்திருந்தது இருபது நிமிடம்தான், அதனால் அரைகுறையாகத்தான் மூச்சில் ஏறியிருக்கும். கப்பைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டேன். பேனா இல்லை.

பேனாவைக் கொடுத்தேனே.

ஓடினேன். மேடம் அதே நாற்காலியில், பேனாவை மூடிக்கொண்டிருந்தார். ஆபீசர் முன்னால் போடுவதற்கு முன்பே எழுத ஆரம்பித்திருந்தார். தாளில் 'ஜெ.' என்று மட்டும் இருந்தது. ஜெபராஜின் முதலெழுத்து. "உள்ள வந்து போடணுமாம், ப்யூன் சொன்னாரு" என்றார் சாந்தமாக.

விளக்கிச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரியும். "மேடம், கீழ உங்க வண்டிய எடுக்கச் சொல்றாங்க" என்று பொய் சொன்னேன். நாங்கள் வந்தது ஆட்டோவில். அவர் மறுப்பேதும் சொல்லாமல் எழுந்து வந்தார். மொட்டை வெயிலில், இரும்புப் படிக்கட்டில், அவரை உட்காரவைத்தேன். ப்யூன் வந்து கூப்பிட்டார். "அம்மாவுக்குத் தலசுத்தல், அரை மணி குடுங்க" என்று கும்பிட்டேன். அவருக்கும் அவசரமில்லை. சரியென்று போய்விட்டார்.

மேடம் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை வழிந்தது. இருபது நிமிடம் இருக்கும்.

"சார்."

"சொல்லுங்க மேடம்."

"அந்தாளு என்னப் பாத்துச் சிரிச்சான்ல?"

"ஆமா."

"நானும் சிரிச்சேன்ல?"

அவர் எழுந்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகினார். "பிளக்குகிட்ட நில்லுங்க. அந்த மெஷின எவனாவது திரும்பப் போட்டா கைய ஒடிங்க" என்று சொல்லிவிட்டு, கூடத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஆபீசரின் அறைக்குள் போனார். ப்யூன் பரந்தாமனையும் உள்ளே அனுப்பினார். நான் பிளக் பக்கத்தில் நின்றேன். கதவுக்கு அப்பால் அவர் குரல் கேட்டது. விளையாட்டு டீச்சர் குரல், மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

"மாஸ்க் தேடிக்கினு நிக்காத, உள்ள போய் வால்வ மூடுன்னாரு. இதோ உக்காந்திருக்காரே, இவருதான். எழுதிக்கோங்க. ஒரு வார்த்த விடாம எழுதிக்கோங்க."

வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. ஜெயிக்குமா தெரியாது. திரும்பும்போது ஆட்டோவில் வழியெல்லாம் அழுதார். நடுநடுவே பரந்தாமனைத் திட்டினார், என்னைத் திட்டினார், சுற்றிப்போகிறான் என்று ஆட்டோக்காரரையும் திட்டினார்.

அன்று கிளம்புவதற்கு முன் நான் ஆபீசரிடம் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல விஷயம் சார். எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்று சிரித்தார். தினம் எட்டு மணி நேரம் அங்கே இருக்கிறவர். மறுவாரம் லோகுவின் ஆள் என்று சொல்லிக்கொண்டு போய் அந்தக் குடையை அடியோடு சுரண்டினேன். நகத்தளவு மிச்சமிருந்தாலும் மறுபடி வளரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரி வைத்துவிட்டு வந்தேன். மாதா மாதம் போய்ப் பார்ப்பேன். ஆனால் அந்தத் துண்டு அங்கே பதினொரு மாதம் இருந்தது. அந்தப் பலகையிலிருக்கிற எண்ணிக்கையில் என் முடிச்சு எத்தனை என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தப் போட்டோ வைத்திருந்த தம்பதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

இதைக் கடையில், லென்ஸ் உரசுகிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மேடம் மேலே வந்தார். என் வாளியில் தனியாக வைத்திருந்த அவருடைய துண்டைக் கேட்டார்.

நான் தயங்கினேன். "மேடம், அது..."

"எனக்கும் ஒரு நாள் வேணும் சார். வாரம் பூரா நான் அந்தக் குரலோடதான இருக்கேன். கோர்ட்டுல சொல்லுற வரைக்கும் இருக்கணும். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு. அவ்ளோதான். மத்த நேரம் கரி."

"நீங்க ஆறு மணிக்கு நிறுத்தணும்னே தோணாதே. அதான் பயம்."

"கடிகாரத்துக்குத் தோணும்ல? பிளக்குல பூட்டு வெச்ச டைமர் மாட்டுங்க. ஆனா சாவி என்கிட்ட இருக்கணும். போன வாட்டி அது உங்ககிட்ட இருந்துச்சு, எனக்குத் தெரியவே தெரியாது. அதான் சார் தப்பு, வேற ஒண்ணும் இல்ல."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். வாளியில் கிடந்ததில் துண்டு பழைய கல்லை விட்டிருந்தது. நான் நைலான் நூலை எடுத்தேன். மேடம் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நானே கட்டுறேன்" என்றார். முதல் தடவை இறுக்கிவிட்டார். அவிழ்த்துத் தளர்த்தி மறுபடி கட்டினார்.

நேற்று ஞாயிறு. நாலு மணிக்குக் கீழே ஸ்கிம்மர் முனகுகிற சத்தம் தரை வழியாகக் கேட்டது. ஆறு மணிக்கு நின்றது. நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆறரை ஆகியிருக்கும்.

"சார்ர்ர்! மறுபடியும் சொட்டுது!"

பக்கெட்டைப் போட்டுவிட்டு, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினேன்.